வெளியீட்டுக்கு முன் ஆப்பை டெஸ்டர்கள் கையில் சேர்ப்பது எப்படி: பிளே ஸ்டோர், டெஸ்ட்ஃப்ளைட் வழிகாட்டி

செயலி தயார், அடுத்த வெள்ளிக்கிழமை பிளே ஸ்டோரில் போட்டுவிடலாம் என்று நாள் குறித்திருக்கிறீர்களா? உங்களுடையது புதிதாகத் திறந்த தனிநபர் கணக்கு என்றால் அது நடக்காது. 2023 நவம்பர் 13-க்குப் பிறகு திறந்த தனிநபர் கணக்குகள் எல்லாம் முதலில் ஒரு குளோஸ்டு டெஸ்டிங் (நீங்கள் அழைப்பவர்கள் மட்டும் பயன்படுத்திப் பார்க்கும் சோதனை) நடத்தியாக வேண்டும்: குறைந்தது 12 பேர், இடைவிடாமல் 14 நாள். தொடக்கத்தில் 20 பேர் என்று இருந்ததை 2024 டிசம்பரில் 12 ஆகக் குறைத்துவிட்டார்கள். பழைய வீடியோவைப் பார்த்துவிட்டு 20 பேரைத் தேடி அலைய வேண்டாம்.

கணக்குச் சரிபார்ப்பு, முதல் ரிவ்யூ, அந்த 14 நாள், அதற்குப் பிறகு இன்னொரு ரிவ்யூ. எல்லாம் சேர்த்து ஐந்து வாரமாவது கையில் வைத்துக்கொள்ளுங்கள். இதில் நிரல் எழுதும் வேலை கொஞ்சம்தான். பெரும்பாலானோர் மாட்டிக்கொள்வது ஆவணத்தில் உள்ள பெயரிலும், டெஸ்டர் போனில் உள்ள ஜிமெயில் கணக்கிலும்.

ஆண்ட்ராய்டை முழுதாகப் பார்த்துவிட்டு ஐபோனுக்கு, அதாவது ஆப்பிளின் டெஸ்டிங் வசதியான டெஸ்ட்ஃப்ளைட்டுக்கு, வரலாம். ஐபோன் மட்டும் போதும் என்பவர்கள் 1, 2 இரண்டையும் படித்துவிட்டு நேரே 7-க்குப் போங்கள்.

1. கணக்கு: பணம், பெயர், முகவரி

பிளே கன்சோல் (பிளே ஸ்டோரில் செயலியை ஏற்றும் டெவலப்பர் தளம்) கணக்குக்கு 25 டாலர், ஒரே ஒரு முறை. ஆப்பிள் டெவலப்பர் கணக்குக்கு 99 டாலர், ஆண்டுதோறும். சர்வதேசப் பரிவர்த்தனை திறந்திருக்கும் விசா அல்லது மாஸ்டர்கார்டு தேவை. இந்திய வங்கிகள் தரும் அட்டைகளில் இந்த வசதி அணைத்துத்தான் வரும். பணம் கட்டுவதற்கு முன் வங்கி ஆப்பில் போய் ‘இன்டர்நேஷனல்’, ‘ஆன்லைன்’ இரண்டையும் ஆன் செய்துவிடுங்கள். ப்ரீபெய்டு கார்டுகளை கூகுள் ஏற்பதில்லை.

அடுத்தது பெயர். நம் ஊர் இனிஷியல் பழக்கம் இங்கே காலை வாரிவிடும். வங்கி அட்டையில் ‘கே. முருகவேல்’, பான் அட்டையில் ‘கந்தசாமி முருகவேல்’, பாஸ்போர்ட்டில் ‘முருகவேல்’ ஒரு கட்டத்திலும் ‘கந்தசாமி’ இன்னொரு கட்டத்திலும் இருக்கும். ஒரே ஆள்தான், ஆனால் சரிபார்ப்பு இயந்திரத்துக்கு மூன்று பேர். எந்த அடையாள அட்டையை அப்லோடு செய்யப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்துகொண்டு, அதில் உள்ளபடியே, இனிஷியல் விரிந்திருந்தால் விரித்தே, பேமென்ட்ஸ் ப்ரொஃபைலில் பெயரைப் போடுங்கள். முகவரியும் அப்படியே. ‘3-வது குறுக்குத் தெரு’ என்று அட்டையில் இருந்தால் அதைச் சுருக்காதீர்கள். அட்டையைப் படம் எடுக்கும்போது நான்கு ஓரமும் தெரிய வேண்டும். ஃபிளாஷ் பட்டு எழுத்து வெளுத்துப் போன படம் திரும்பி வரும்.

தனிநபர் கணக்கில் உங்கள் சட்டப்பூர்வப் பெயரும் நாடும் டெவலப்பர் மின்னஞ்சலும் பிளே ஸ்டோரில் எல்லோருக்கும் தெரியும். செயலியில் பணம் ஈட்டினால் முழு முகவரியும் தெரியும். வீட்டு முகவரி வெளியே தெரியக் கூடாது என்பவர்கள் கணக்கு திறக்கும் முன்பே இதை யோசிக்க வேண்டும். மின்னஞ்சலைப் பொறுத்தவரை, உங்கள் சொந்த ஜிமெயிலைக் கொடுக்காமல் தனியாக ஒன்று திறந்துகொள்ளுங்கள்.

பதிவு செய்த நிறுவனம் இருந்தால் நிறுவனக் கணக்கே திறங்கள், 12 பேர் விதி அதற்குக் கிடையாது. அதற்கு டன்ஸ் எண் (நிறுவனங்களுக்குத் தரப்படும் அடையாள எண்) வேண்டும். இலவசம்தான், ஆனால் கைக்கு வர 30 நாள் வரை ஆகலாம். எனவே நிறுவனம் இருக்கிறதோ இல்லையோ, ‘நாளைக்கே வெளியிடலாம்’ என்ற வழி எதுவும் இல்லை.

இன்னொரு சரிபார்ப்பு பலருக்குக் கடைசி நேரத்தில்தான் தெரியவரும். புதிய தனிநபர் கணக்குக்காரர் தன்னிடம் உண்மையான ஆண்ட்ராய்டு போன் இருப்பதை, பிளே கன்சோல் மொபைல் ஆப்பில் உள்நுழைந்து காட்ட வேண்டும். கணினியில் ஓடும் எமுலேட்டர் செல்லாது. ஐபோன் வைத்திருப்பவர்கள் வீட்டில் யாரிடமாவது ஆண்ட்ராய்டு போனைப் பத்து நிமிடம் வாங்கிக்கொள்ளுங்கள்.

2. அப்லோடுக்கு முன்: ரிலீஸ் பில்ட்டை உங்கள் போனிலேயே ஓட்டிப் பாருங்கள்

டீபக் பில்ட் (எழுதும்போது நீங்கள் ஓட்டிப் பார்ப்பது) ஓடுகிறது என்பதற்காக ரிலீஸ் பில்ட்டும் (வெளியே அனுப்புவது) ஓடும் என்று நம்பாதீர்கள். அடிக்கடி நடப்பவை இரண்டு.

ஃப்ளட்டரில் (செயலி உருவாக்கும் கூகுள் கருவி) புது ப்ராஜெக்ட் திறந்தால், இணைய அனுமதி டீபக், ப்ரொஃபைல் மேனிஃபெஸ்ட்டுகளில் (அனுமதிகளை எழுதும் கோப்புகளில்) மட்டும்தான் தானாக இருக்கும். முதன்மை மேனிஃபெஸ்ட்டில் நீங்களாகச் சேர்க்காவிட்டால், மேசையில் பிரமாதமாக ஓடிய செயலி டெஸ்டர் போனில் சுற்றிக்கொண்டே நிற்கும். சர்வர் கோளாறு என்று நினைத்து நாள் முழுக்கத் தேடுவீர்கள்.

இரண்டாவது, ஆர்8 என்ற கருவி செய்யும் சுருக்கம். ரிலீஸ் பில்ட்டில் பயன்படாத கிளாஸ்களை அது நீக்கிவிடும், மிச்சமுள்ளவற்றின் பெயர்களைச் சுருக்கிவிடும். ஜேசன் தகவலைப் பெயரை வைத்துப் பிரிக்கும் லைப்ரரிகள் அப்போது உடையும். எதை நீக்கக் கூடாது என்று சொல்லும் ‘கீப்’ விதிகளைச் சரியாக எழுதி, ரிலீஸ் ஏபிகே (போனில் நேரடியாகப் போடும் செயலிக் கோப்பு) ஒன்றை உங்கள் போனில் போட்டு, லாகின் முதல் பேமென்ட் வரை ஒருமுறை நடந்து பாருங்கள்.

பிறகு எண்களும் பெயர்களும்:

- பேக்கேஜ் பெயர் (செயலியின் தனி அடையாளம்) ‘காம்.எக்ஸாம்பிள்’ என்று தொடங்கினால் பிளே கன்சோல் ஏற்காது. ஒருமுறை ஏற்றிய பேக்கேஜ் பெயரை மாற்றவும் முடியாது, வேறு செயலிக்குப் பயன்படுத்தவும் முடியாது. ‘டெஸ்ட்’, ‘டெமோ’ போன்ற சொற்களை அதில் வைக்காதீர்கள்.
- வெர்ஷன் கோடு (பில்ட்டின் வரிசை எண்) ஒவ்வோர் அப்லோடுக்கும் கூட வேண்டும். உச்ச வரம்பு 210 கோடி. தேதியையே எண்ணாக வைப்பவர்கள் ஆண்டு, மாதம், நாள், கூடவே இரண்டு இலக்கம் என்ற அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அதற்கு மேல் வரம்பு தாண்டிவிடும்.
- டார்கெட் ஏபிஐ, அதாவது செயலி குறிவைக்கும் ஆண்ட்ராய்டு பதிப்பின் எண். ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் கடைசியில் இது உயரும். 2025 ஆகஸ்ட் 31 முதல் புதுச் செயலிகள் ஆண்ட்ராய்டு 15, அதாவது ஏபிஐ 35-ஐக் குறிவைத்திருக்க வேண்டும்.
- நேட்டிவ் லைப்ரரி (சி, சி++ மொழிகளில் எழுதியது) இருந்தால் 16 கேபி மெமரி பேஜ் அளவுக்கு ஆதரவு வேண்டும். பழைய ப்ளகின் ஒன்று மாட்டிக்கொண்டால் அதைப் புதுப்பிப்பதைத் தவிர வழியில்லை.

பிளே ஸ்டோருக்கு ஏபிகே கோப்பு போகாது, ஏஏபி (ஆண்ட்ராய்டு ஆப் பண்டில்) வேண்டும். செயலி உங்களுடையது என்று டிஜிட்டல் கையெழுத்திடும் கீஸ்டோர் கோப்பையும் அதன் பாஸ்வேர்டையும் லேப்டாப்புக்கு வெளியே இரண்டு இடத்தில் வையுங்கள். அதில் உள்ள அப்லோடு கீ தொலைந்தால் கூகுளிடம் விண்ணப்பித்து மாற்றிக்கொள்ளலாம். ஆனால் டெஸ்டிங் நடுவே அந்த வேலை வந்தால் அப்டேட் எதுவும் போட முடியாமல் உட்கார்ந்திருக்க வேண்டும்.

3. இன்டர்னல் டெஸ்டிங்: முதல் ஐந்து பேர்

பிளே கன்சோலில் செயலியைப் பதிவு செய்ததும் முதலில் திறக்க வேண்டியது இதுதான். 100 பேர் வரை சேர்க்கலாம், எந்த நாட்டில் இருந்தாலும் சேரலாம், ரிவ்யூவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. டேட்டா சேஃப்டி படிவம்கூட இந்தக் கட்டத்தில் கட்டாயமில்லை. முதல் தடவை இணைப்பு வேலை செய்யச் சில மணி நேரம் ஆகலாம். அதற்குப் பிந்தைய பில்ட்டுகள் பெரும்பாலும் நிமிடக் கணக்கில் போய்ச் சேரும்.

செய்முறை: டெஸ்டர்கள் பக்கத்தில் மின்னஞ்சல் பட்டியல் ஒன்று உருவாக்குங்கள், முகவரிகளை ஏற்றிச் சேமியுங்கள், பட்டியலின் பக்கத்தில் உள்ள கட்டத்தில் டிக் போட்டு மறுபடி சேமியுங்கள். அந்த டிக்கை விட்டுவிடுபவர்கள் ஏராளம். பட்டியல் இருக்கும், ஆனால் அது டிராக்கோடு (நீங்கள் திறந்த டெஸ்டிங் பாதையோடு) இணைந்திருக்காது. பிறகு ஏஏபியை ஏற்றி, ரிலீஸை ‘ரோல்அவுட்’ வரை கொண்டுபோங்கள். ‘டிராஃப்ட்’ நிலையிலேயே விட்டுவிட்டு இணைப்பை அனுப்பினால் எல்லோருக்கும் ‘பக்கம் கிடைக்கவில்லை’ என்றுதான் வரும்.

இந்தக் கட்டத்தில் நிச்சயம் பார்க்க வேண்டியது கூகுள் சைன்-இன். உங்கள் போனில் நீங்கள் நேரடியாகப் போட்ட ஏபிகேயில் உள்ள கையெழுத்து வேறு, பிளே ஸ்டோர் வழியாக இறங்கும் செயலியில் உள்ள கையெழுத்து வேறு, ஏனென்றால் அங்கே கூகுள் தன்னிடம் உள்ள ஆப் சைனிங் கீயால் மறுபடி கையெழுத்திடுகிறது. அதனால் ஃபயர்பேஸிலோ கூகுள் கிளவுடிலோ உங்கள் அப்லோடு கீயின் எஸ்எச்ஏ-1 கைரேகையை (கையெழுத்தை அடையாளம் காட்டும் எழுத்து வரிசை) மட்டும் கொடுத்திருந்தால், டெஸ்டர்களுக்கு சைன்-இன் ஆகாது. மேப்ஸ் கீக்கு அப்படிக் கட்டுப்பாடு போட்டிருந்தால் வரைபடமும் வெறும் சாம்பல் நிறத்தில் நிற்கும். பிளே கன்சோலில் ஆப் சைனிங் பக்கத்தில் இரண்டு சான்றிதழும் இருக்கும். இரண்டின் கைரேகையையும் எடுத்துச் சேர்த்துவிடுங்கள்.

செயலிக்குள் பணம் கட்டும் வசதி இருந்தால், கன்சோலின் அமைப்புகளில் ‘லைசென்ஸ் டெஸ்டிங்’ பட்டியலிலும் அதே முகவரிகளைச் சேருங்கள். இல்லாவிட்டால் டெஸ்டரின் கார்டிலிருந்து நிஜமாகவே பணம் போகும். செயலியே விலை கொடுத்து வாங்குவது என்றால், இன்டர்னல் டெஸ்டர்களுக்கு இலவசம், குளோஸ்டு டெஸ்டர்கள் வாங்கித்தான் ஆக வேண்டும்.

4. குளோஸ்டு டெஸ்டிங்: 12 பேர், 14 நாள்

இதற்குப் போகும் முன் ‘ஆப் கன்டென்ட்’ பகுதி முழுவதையும் நிரப்ப வேண்டும்: தனியுரிமைக் கொள்கை இணைப்பு, டேட்டா சேஃப்டி, விளம்பரம் உண்டா, வயது மதிப்பீடு, யாருக்கான செயலி, உள்நுழைவு விவரம். பயனர் கணக்கு தொடங்கும் செயலி என்றால், கணக்கை நீக்கக் கோரும் இணையப் பக்கமும் கேட்கப்படும். ஸ்டோர் பக்கத்துக்கான ஐகான், படங்கள், விளக்கம் எல்லாமும் இப்போதே வேண்டும்.

உள்நுழைவு விவரத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. நம் செயலிகளில் பாதி, மொபைல் எண்ணும் ஓடிபியும் கொண்டுதான் திறக்கும். ரிவ்யூ செய்பவர் எந்த நாட்டில் உட்கார்ந்திருக்கிறாரோ, உங்கள் இந்திய எண்ணுக்கு வரும் ஓடிபி அவருக்குக் கிடைக்காது. ஒரு டெமோ எண், அதற்கு மாறாத ஓடிபி என்று சர்வரில் ஏற்பாடு செய்து அதை எழுதிக் கொடுங்கள். ஆப்பிளுக்கும் இதே ஏற்பாடு உதவும்.

முதல் குளோஸ்டு ரிலீஸ் ரிவ்யூவுக்குப் போகும். புதுக் கணக்குக்கு ஒரு வாரம் வரை, சில வேளை அதற்கு மேலும் ஆகலாம். 14 நாள் கணக்கு, 12-வது ஆள் ஆப்ட்-இன் செய்த (இணைப்பைத் திறந்து டெஸ்டராகச் சேர்ந்த) நாளிலிருந்துதான் தொடங்கும். நீங்கள் ரிலீஸ் போட்ட நாளிலிருந்து எண்ணாதீர்கள்.

ஆட்களைச் சேர்க்க இரண்டு வழி. மின்னஞ்சல் பட்டியல் ஒன்று, கூகுள் குரூப் இன்னொன்று. கூகுள் குரூப்பே மேல். குழு முகவரியை டிராக்கில் ஒருமுறை கொடுத்துவிட்டால், பிறகு வருபவர்கள் தாங்களே குழுவில் சேர்ந்துகொள்வார்கள், ஒவ்வொரு முறையும் கன்சோலைத் திறக்க வேண்டியதில்லை. எழுத்துப்பிழையுள்ள ஜிமெயில் முகவரிகளைத் துரத்தும் வேலையும் மிச்சம்.

12 பேர் வேண்டும் என்றால் 18 பேரையாவது சேருங்கள். போன் மாற்றுபவர், ஆப்ட்-அவுட் பொத்தானைத் தெரியாமல் அழுத்துபவர், ஊருக்குப் போய் மறந்துவிடுபவர் என்று நாலைந்து பேர் நிச்சயம் கழிவார்கள். 13-ஆவது நாளில் எண்ணிக்கை 11 ஆனால் மொத்தமும் வீண்.

தடுமாற வைக்கும் இரண்டு இடங்கள்:

நாடு. குளோஸ்டு டிராக்கில் நாடுகள் பட்டியல் தனியாக இருக்கிறது. இந்தியாவை மட்டும் டிக் செய்துவிட்டு, துபாயில் இருக்கும் மச்சானுக்கும் சிங்கப்பூரில் இருக்கும் அக்காவுக்கும் இணைப்பை அனுப்பினால் அவர்களுக்கு இறங்காது. இதில் பார்க்கப்படுவது அவர்களுடைய பிளே கணக்கின் நாடு. இந்தியக் கணக்கையே இன்னும் வைத்திருக்கும் துபாய்க்காரருக்கு இறங்கும், அங்கேயே கணக்கை மாற்றிக்கொண்டவருக்கு இறங்காது. எல்லா நாடுகளையும் டிக் செய்துவிடுவதே எளிது.

இரண்டாவது, இன்டர்னல் டெஸ்டிங்கில் ஏற்கெனவே ஆப்ட்-இன் செய்தவர்கள். அவர்கள் அங்கே இருக்கும்வரை குளோஸ்டு பில்ட் அவர்களுக்குக் கிடைக்காது. முதலில் இன்டர்னல் இணைப்பைத் திறந்து விலகி, பிறகு குளோஸ்டு இணைப்பில் சேர வேண்டும். முதல் ஐந்து பேரை அப்படியே 12 பேர் கணக்கில் கொண்டுவரப் பார்ப்பவர்கள் இதில்தான் சறுக்குகிறார்கள்.

‘12 டெஸ்டர், 14 நாள், இவ்வளவு ரூபாய்’ என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். ஆப்ட்-இன் செய்துவிட்டுத் திரும்பிப் பார்க்காத 12 கணக்குகளை வைத்துக்கொண்டு 6-வது படியில் வரும் கேள்விகளுக்கு உங்களால் பதில் எழுத முடியாது. டெஸ்டிங் போதவில்லை என்று மறுபடி 14 நாள் நடத்தச் சொல்லிவிட்டால் காசும் போச்சு, நாளும் போச்சு.

5. டெஸ்டருக்கு அனுப்பும் செய்தி

இணைப்பை மட்டும் வாட்ஸப்பில் தட்டிவிட்டால் பாதிப் பேர் ‘வரலையே’ என்பார்கள். காரணம் ஏறக்குறைய எப்போதும் ஒன்றே: போனில் இரண்டு ஜிமெயில். குரோமில் ஆபீஸ் கணக்கு, பிளே ஸ்டோரில் சொந்தக் கணக்கு. ஆப்ட்-இன் ஒரு கணக்கில் நடக்கும், டவுன்லோடு இன்னொரு கணக்கில் தேடும். இப்படி எழுதி அனுப்புங்கள்:

> வணக்கம். டெஸ்டிங்குக்குச் சம்மதித்ததற்கு நன்றி. வரிசையாக இதைச் செய்யுங்கள்.
> (1) பிளே ஸ்டோரைத் திறந்து, மேலே வலது மூலையில் உங்கள் படத்தைத் தொடுங்கள். எந்த ஜிமெயில் காட்டுகிறதோ அதை எனக்கு அனுப்புங்கள்.
> (2) நான் ‘சேர்த்தாயிற்று’ என்று சொன்ன பிறகு கீழே உள்ள இணைப்பைத் திறங்கள். கேட்டால் அதே ஜிமெயிலைத் தேர்ந்தெடுங்கள். ‘பிகம் எ டெஸ்டர்’ பொத்தானை அழுத்துங்கள்.
> (3) அந்தப் பக்கத்திலேயே வரும் பிளே ஸ்டோர் இணைப்பில் இன்ஸ்டால் செய்யுங்கள். ஸ்டோரில் பெயரைத் தேடினால் கிடைக்காது.
> (4) நான் முன்பு அனுப்பிய ஏபிகே போனில் இருந்தால் முதலில் அதை அன்இன்ஸ்டால் செய்யுங்கள்.
> (5) 20-ஆம் தேதி வரை செயலியை நீக்க வேண்டாம், டெஸ்டிங்கிலிருந்து விலக வேண்டாம்.

நான்காவது வரி ஏன் என்றால், கையெழுத்து மாறிய செயலியைப் பழையதன் மேல் போட ஆண்ட்ராய்டு விடாது. ‘இன்ஸ்டால் ஆகவில்லை’ என்று மட்டும் சொல்லும், காரணம் சொல்லாது. நீக்கும்போது போனில் சேமித்த தகவலும் போய்விடும் என்பதை டெஸ்டரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

எதைப் பார்க்க வேண்டும் என்றும் சொல்லுங்கள். ‘ஆப்பை யூஸ் பண்ணிப் பாருங்க’ என்றால் ‘சூப்பரா இருக்கு’ என்றுதான் பதில் வரும். ‘புதிதாக ஒரு கணக்கு தொடங்குங்கள், ஒரு பில் போடுங்கள், டேட்டாவை ஆஃப் செய்துவிட்டு இன்னொரு பில் போடுங்கள்’ என்று வேலை கொடுங்கள். தமிழ் முகப்பு உள்ள செயலி என்றால், போனின் எழுத்தளவைப் பெரிதாக வைத்திருப்பவர் ஒருவராவது பட்டியலில் இருக்கட்டும். 55 வயதைத் தாண்டியவர்கள் போனில் அப்படித்தான் இருக்கும், பொத்தானுக்கு வெளியே எழுத்து வழிவது அங்கேதான் தெரியும்.

கருத்துகளைப் பெற, டெஸ்டர்கள் பக்கத்தில் ஒரு மின்னஞ்சலோ படிவ இணைப்போ கொடுக்கலாம். டெஸ்டர்கள் பிளே ஸ்டோர் வழியே எழுதுவது பொதுவில் தெரியாது, கன்சோலில் உங்களுக்கு மட்டும் வரும். வாட்ஸப்பில் வருவதையும் அன்றன்றே ஒரு ஷீட்டில் ஏற்றுங்கள்: தேதி, யார், போன் மாடல், என்ன சொன்னார், எந்த வெர்ஷனில் சரிசெய்தீர்கள். ஐந்து நெடுவரிசைகள் போதும். அடுத்த படியில் இந்த ஷீட்தான் சோறு போடும்.

6. ப்ரொடக்‌ஷன் அனுமதிக்கு விண்ணப்பம்

14 நாள் முடிந்ததும், செயலியை எல்லோருக்கும் பொதுவாக வெளியிட அனுமதி கேட்கும் விண்ணப்பப் பொத்தான் டேஷ்போர்டில் திறக்கும். கேள்விகள் மூன்று பகுதி: உங்கள் குளோஸ்டு டெஸ்டிங் பற்றி, செயலி பற்றி, வெளியீட்டுக்குத் தயாரா என்பது பற்றி. டெஸ்டர்களை எப்படிச் சேர்த்தீர்கள், அவர்கள் எந்தெந்த வசதிகளைப் பயன்படுத்தினார்கள், என்ன சொன்னார்கள், அதை வைத்து என்ன மாற்றினீர்கள் என்றெல்லாம் கேட்பார்கள்.

‘நல்ல வரவேற்பு, குறை எதுவும் இல்லை’ என்று எழுதுவது இருப்பதிலேயே மோசமான பதில். ‘மூன்று பேர் குறைந்த ரேம் போனில் படம் ஏற்றும்போது செயலி மூடிக்கொள்வதாகச் சொன்னார்கள், வெர்ஷன் 14-இல் படத்தைச் சுருக்கி ஏற்றுமாறு மாற்றினோம்’ என்று எழுதுங்கள். அதற்காகவே 14 நாளுக்குள் இரண்டு மூன்று அப்டேட்டாவது போடுங்கள். புது பில்ட் போட்டால் 14 நாள் முதலிலிருந்து தொடங்காது, பயப்பட வேண்டாம்.

முடிவு பெரும்பாலும் 7 நாளுக்குள் கணக்கு உரிமையாளரின் மின்னஞ்சலுக்கு வரும். அதுவரை குளோஸ்டு டிராக்கை நிறுத்தாதீர்கள். யார் வேண்டுமானாலும் சேரக்கூடிய ஓப்பன் டெஸ்டிங், இந்த அனுமதிக்குப் பிறகுதான் திறக்கும்.

7. ஐபோன்: டெஸ்ட்ஃப்ளைட்

இங்கே 12 பேர் விதி இல்லை. ஆனால் 99 டாலர் கட்டாமல் டெஸ்ட்ஃப்ளைட் கிடையாது. இலவசக் கணக்கில் உங்கள் சொந்த போனில் மட்டும் போட்டுப் பார்க்கலாம், அதுவும் 7 நாளில் காலாவதியாகும். மேக் கணினி வேண்டும், அல்லது கிளவுடில் பில்ட் செய்யும் சேவை ஏதாவது வேண்டும். தனிநபர் கணக்கில் ஆப் ஸ்டோரில் விற்பவர் பெயராக வருவது உங்கள் சட்டப்பூர்வப் பெயர்தான். 1-வது படியில் சொன்ன இனிஷியல் விஷயம் இங்கும் பொருந்தும்.

வரிசை இது. ஆப்பிளின் டெவலப்பர் தளமான ஆப் ஸ்டோர் கனெக்டில் செயலிக்குப் பதிவு தொடங்குங்கள், மேக்கில் உள்ள எக்ஸ்கோடு மென்பொருளில் ஆர்க்கைவ் (அப்லோடுக்கான பில்ட்) எடுங்கள், அப்லோடு செய்யுங்கள். ப்ராசஸிங் முடிய சில நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை ஆகும். அந்த நேரத்தில் மின்னஞ்சலைப் பாருங்கள். கேமரா, புகைப்படம், இருப்பிடம் எதற்காவது காரண வாசகம் எழுதாமல் விட்டிருந்தால் 90683 என்ற எண்ணோடு மடல் வரும், பில்ட் பட்டியலில் தோன்றவே தோன்றாது. பயன்படுத்தாத கேமராவுக்கும் காரணம் கேட்கிறார்களே என்றால், நீங்கள் சேர்த்த ஏதோ ஒரு லைப்ரரி அதைத் தொடுகிறது.

பில்ட் வந்த பிறகு மஞ்சள் நிறத்தில் ‘மிஸ்ஸிங் கம்ப்ளையன்ஸ்’ என்று நிற்கும். குறியாக்கம் பற்றிய கேள்வி அது. பதில் சொல்லாதவரை டெஸ்டர்களுக்குப் போகாது. எச்டிடிபிஎஸ் போன்ற வழக்கமானவை மட்டும் என்றால், விலக்கு பெறாத குறியாக்கம் இல்லை என்பதை இன்ஃபோ-பிலிஸ்ட் கோப்பிலேயே ஒருமுறை எழுதிவிடலாம். ஒவ்வொரு பில்ட்டுக்கும் கேட்காது.

டெஸ்டர்கள் இரண்டு வகை. இன்டர்னல் என்றால் 100 பேர் வரை, ரிவ்யூ கிடையாது. ஆனால் அவர்கள் உங்கள் ஆப் ஸ்டோர் கனெக்ட் கணக்கில் பயனர்களாக இருக்க வேண்டும். அதாவது உங்கள் அலுவலகத்து ஆட்கள். நண்பர்களை இதில் சேர்க்காதீர்கள், தேவையில்லாமல் கணக்கின் உள்விவரம் அவர்களுக்குத் தெரியும். எக்ஸ்டர்னல் என்றால் 10,000 பேர் வரை. மின்னஞ்சலில் அழைக்கலாம், அல்லது பொது இணைப்பு ஒன்று திறந்து வாட்ஸப்பில் அனுப்பலாம். பொது இணைப்புக்கு ஆள் வரம்பு போடும் வசதி இருக்கிறது, 50 என்று போட்டுத் தொடங்குங்கள். இல்லாவிட்டால் அது எங்கெல்லாம் போகும் என்று சொல்ல முடியாது.

எக்ஸ்டர்னலுக்கு, ஒரு வெர்ஷனின் முதல் பில்ட் பீட்டா ரிவ்யூவுக்குப் போகும். பெரும்பாலும் ஓரிரு நாளில் முடியும். அதே வெர்ஷனில் பில்ட் எண்ணை மட்டும் கூட்டி அடுத்தடுத்து ஏற்றுபவற்றுக்கு முழு ரிவ்யூ வழக்கமாகத் தேவைப்படாது. அதனால் சின்னத் திருத்தத்துக்கெல்லாம் 1.0-ஐ 1.1 ஆக்காதீர்கள், பில்ட் எண்ணை மட்டும் ஏற்றுங்கள். அதே பில்ட் எண்ணை இரண்டாம் முறை ஏற்றினால் ஏற்காது.

பில்ட் ஒவ்வொன்றும் அப்லோடு செய்த நாளிலிருந்து 90 நாள்தான் ஓடும். நீண்ட டெஸ்டிங் என்றால் 80-வது நாளுக்கு காலண்டரில் நினைவூட்டல் வையுங்கள். செயலிக்குள் வாங்குவது எதற்கும் டெஸ்ட்ஃப்ளைட்டில் பணம் போகாது, ஆனால் திரை அப்படியே நிஜம்போல இருக்கும் என்பதால் டெஸ்டர்கள் பதறுவார்கள். முன்பே சொல்லிவிடுங்கள். டெஸ்டர்களுக்குப் பணமோ பரிசோ கொடுத்து டெஸ்ட்ஃப்ளைட்டில் சேர்ப்பதை ஆப்பிள் விதி தடுக்கிறது.

டெஸ்டர் பக்கம் வேலை சுலபம்: ஆப் ஸ்டோரில் டெஸ்ட்ஃப்ளைட் ஆப்பை இறக்கி, இணைப்பைத் திறந்தால் போதும். செயலிக்குள் ஸ்கிரீன்ஷாட் எடுத்தாலே கருத்து அனுப்பும் வசதி வரும். கருத்துப் பெறும் விஷயத்தில் பிளே ஸ்டோரைவிட இது எவ்வளவோ மேல்.

8. ஸ்டோர் வழியே வேண்டாம் என்றால்

ஏபிகேயை நேரடியாக வாட்ஸப்பில் அனுப்புவது இரண்டு மூன்று பேருக்குச் சரி. அதற்கு மேல் யார் எந்த வெர்ஷனில் இருக்கிறார் என்பதே தெரியாது, போனில் உள்ள கூகுளின் பாதுகாப்புச் சோதனையான பிளே ப்ரொடெக்ட் வேறு எச்சரிக்கை காட்டிப் பயமுறுத்தும். டெஸ்டர்களுக்குப் பில்ட் அனுப்பும் கூகுள் சேவையான ஃபயர்பேஸ் ஆப் டிஸ்ட்ரிபியூஷன் இலவசம். ஏபிகேயை ஏற்றி, மின்னஞ்சல் குழுவைத் தேர்ந்தெடுத்தால் அழைப்பு போய்விடும், ஒவ்வொரு பில்ட்டும் 150 நாள் கிடைக்கும். தினமும் பில்ட் மாறும் ஆரம்பக் கட்டத்துக்கு இதுதான் ஏற்றது. ஆனால் இதில் எத்தனை பேர் சோதித்தாலும் பிளே ஸ்டோரின் 12 பேர் கணக்கில் ஒருவர்கூடச் சேர மாட்டார்.

ஐபோனுக்கும் ஃபயர்பேஸ் உண்டு, ஆனால் ஆட்-ஹாக் முறையில் ஒவ்வொரு போனின் யூடிஐடி எண்ணையும் (அந்தப் போனின் தனி அடையாள எண்) வாங்கிப் பதிவு செய்ய வேண்டும். ஐபோன் 100 வரை, ஓர் ஆண்டுக்கு. பதிவை முடக்கினாலும் அந்த இடம் அடுத்த புதுப்பிப்பு வரை காலியாகாது. டெஸ்ட்ஃப்ளைட் இருக்கும்போது இந்தத் தலைவலி எதற்கு?

ஸ்டோருக்கு வெளியே விநியோகிப்பவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். கூகுள் 2025-இல் அறிவித்த திட்டப்படி, 2026 செப்டம்பரிலிருந்து பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து நாடுகளில் தொடங்கி, நேரடியாகப் போடும் ஏபிகேகளுக்கும் டெவலப்பர் அடையாளச் சரிபார்ப்பு வருகிறது. சிங்கப்பூர் டெஸ்டர்கள் இருப்பவர்கள் அதற்குள் பெயர் விவகாரத்தை முடித்து வைத்துக்கொள்ளலாம்.

9. வெளியீட்டு நாளில்

குளோஸ்டு டிராக்கில் உள்ள பில்ட்டையே ப்ரொடக்‌ஷனுக்கு ‘ப்ரமோட்’ செய்யுங்கள், புதிதாகக் கம்பைல் செய்து ஏற்றாதீர்கள். 18 பேர் சோதித்தது அந்தக் கோப்பைத்தான். ரிலீஸ் குறிப்பில் ‘டெஸ்ட் பில்ட்’ என்று எழுதியிருந்தால் மாற்றுங்கள், ஒரு மொழிக்கு 500 எழுத்து வரை இடமுண்டு. டெமோ ஓடிபியை அன்றே அணைத்துவிடாதீர்கள், ப்ரொடக்‌ஷன் ரிவ்யூவுக்கும் அது வேண்டும். டெஸ்டர்களுக்கு ஆப்ட்-அவுட் இணைப்பை அனுப்பி விலகச் சொல்லுங்கள். விலகாதவர்களுக்கு, ப்ரொடக்‌ஷனைவிட உயர்ந்த வெர்ஷன் கோடுள்ள டெஸ்ட் பில்ட் ஏதாவது டிராக்கில் கிடந்தால் அதுவே போய்க்கொண்டிருக்கும், அவர்களுடைய கருத்தும் பொது மதிப்பீட்டில் வராது. டெஸ்ட்ஃப்ளைட்டில் பழைய பில்ட்டுகளை ‘எக்ஸ்பயர்’ செய்துவிட்டு, பொது இணைப்பை மூடுங்கள்.